அட்டையில் உட்கார்ந்திருந்தவள்

அட்டைக் கட்டைப் பிரித்த பசையக்காவுக்குக் கை பாதியில் நின்றுவிட்டது.

படத்தில் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பஸ் வரும் பக்கம் தலையைத் திருப்பியிருந்ததால் கன்னமும் காதும்தான் தெரிந்தன. மடியில் ஒரு பச்சைப் பை. பைக்கு இரண்டு கைப்பிடிகள். ஒன்று பச்சை, இன்னொன்று கட்டம் போட்ட துணி. இடது கால் செருப்பில் வார் அறுந்த இடத்தில் ஓர் ஊக்கு. மேலே ரத்தம் சொட்டுகிற மாதிரி சிவப்பு எழுத்து: ‘பச்சைப் பைக்குள் பாதகம்’.

அந்தப் பச்சைப் பை, மதியச் சாப்பாட்டு டப்பாவோடு, பசையக்காவின் நாற்காலி முதுகிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

“என்னடி, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிற?” என்று எதிர் மேஜையிலிருந்து ஊசிக்காரி எட்டிப் பார்த்தாள். “காட்டு, இந்த மாசம் யாரு? அட, நல்லாத்தான் இருக்கா. யார்கூட ஓடறாளாம்?”

பசையக்கா அட்டையைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். யாரோடு ஓடுகிறாள் என்று இவள் ஏன் கேட்கிறாள்? பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்தால் ஊருக்குப் போகிறாளா என்றுதானே கேட்கத் தோன்றும்?

அந்த அச்சகத்தில் அவளுக்குப் பெயரே பசையக்காதான். இருபத்திரண்டு வருஷமாக ஒரே மேஜை, ஒரே பசைச் சட்டி. தேய்ந்து தேய்ந்து நாலைந்து தூரிகை மாறியிருக்கும். மாதாமாதம் வெளிவருகிற கையடக்க நாவலுக்கு அட்டை ஒட்டுவது அவள் வேலை. வண்ண அட்டைகள் வேறொரு அச்சகத்தில் மொத்தமாக அடித்து, உள்தாள்களுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடும். உள்தாள் வந்ததும் ஊசிக்காரி அடுக்கிப் பின் அடித்துத் தள்ளுவாள். முன்பெல்லாம் ஊசி நூலால் தைத்தவள். மெஷின் வந்த பிறகும் பெயர் போகவில்லை. நாக்கும் ஊசி மாதிரி. பசையக்கா முதுகில் பசை தடவி அட்டையைச் சுற்றி, விரலால் நீவிவிட்டு, பலகைக்கு அடியில் வைப்பாள். மாதம் நாலாயிரம் புத்தகம், எல்லாம் அவள் கையைத் தொட்டுத்தான் வெளியே போகும்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். பொடி எழுத்தைப் பத்து வரி படித்தால் தலையை வலிக்கும். ஆனால் அட்டையைப் படிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. தலைமுடியை விரித்துப் போட்டவள் வந்தால் ஒன்று பேய், இல்லை பணக்கார வீட்டுப் பெண். சிவந்த நகமுள்ள கை டம்ளரைப் பிடித்திருந்தால் விஷம். இரண்டு பெண், நடுவில் ஓர் ஆண் என்றால் சாகப்போகிறவன் அவன்தான். முகத்தில் பாதி இருட்டில் இருக்கிறவன் கொலைகாரன் இல்லை. வெளிச்சத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறானே, அவனைத்தான் பார்க்க வேண்டும்.

இதை அவள் வெளியே யாரிடமும் சொல்வதில்லை, அவள் வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்வாள். அவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. ஓரம் கசங்கிய புத்தகம் ஒன்றை மாதாமாதம் அவள் வீட்டுக்குக் கொண்டுபோவாள். அட்டையைப் பார்த்துக் கதை சொல்வாள். அவர் இரண்டு நாளில் படித்துவிட்டு, “முக்கால் சரி” என்றோ “இந்தத் தடவை கோட்டை விட்டுட்ட” என்றோ தீர்ப்புச் சொல்வார். இருவரும் மனம்விட்டுப் பேசிக்கொள்வது அநேகமாக அந்த இரண்டு நாளில்தான்.

மற்ற நாட்களில் அவர் கொஞ்சம் கஷ்டமான ஆள். கை நீட்ட மாட்டார், சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். மகள் வீட்டில் இருந்தவரை, “உங்கம்மாகிட்ட சொல்லு, கத்தரிக்கோலைக் காணோம்” என்று தூது விடுவார். மகள் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு கடையில் மாட்டியிருக்கும் ஆளுயரக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொள்வார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை, அவருடைய அக்கா ஏதோ சொல்லப்போக, பத்தொன்பது நாள் அவர் பேசவில்லை. பத்தொன்பதாம் நாள் மத்தியானம் பசையக்கா இரண்டு துணியையும் ஒரு சீப்பையும் பச்சைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். எங்கே போவது என்று முடிவு செய்யவில்லை. போவது என்பதுதான் முடிவு. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்து, துணியை இருந்த இடத்தில் வைத்து, அடுப்பைப் பற்ற வைத்தாள். அவர் சாப்பிட உட்கார்ந்து, “உப்பு கம்மி” என்றார். பத்தொன்பது நாளைக்குப் பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை. அவருக்கு ஒன்றும் தெரியாது.

அதை அவள் ஊசிக்காரி ஒருத்தியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

பையை இங்கே வந்து போகிற யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். பெஞ்சை யார் பார்த்தார்கள்? அன்றைக்குப் போகிற வழியில் வார் அறுந்து ஊக்குக் குத்தியதை யார் பார்த்தார்கள்?

அன்று மாலையிலிருந்து அவள் ஊசிக்காரியோடு பேசவில்லை.

பேசாமல் இருந்தால் கண் நன்றாக வேலை செய்கிறது. அட்டைப் படம் வரைகிறவர் போன மாதம் வந்தபோது ஊசிக்காரியின் பேரனுக்கு ஒரு பூனை வரைந்து கொடுத்தது நினைவுக்கு வந்தது. சும்மா கொடுப்பாரா? அதற்கு முந்தின மாதம் இரண்டு பேரும் டீக்கடை வாசலில் நின்று சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள்? ஊசிக்காரி இப்போதெல்லாம் பின் அடித்துக்கொண்டே பாட்டு முணுமுணுக்கிறாள். மனசாட்சி உறுத்துகிறவர்கள்தான் முணுமுணுப்பார்கள் என்று பசையக்காவுக்குத் தோன்றியது. முணுமுணுக்காமல் இருந்த நாளில், குற்ற உணர்ச்சியில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று தோன்றியது.

உள்தாள்கள் வந்தன. அச்சுக்கூடத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், தலைவலியைப் பொறுத்துக்கொண்டு முதல் இருபது பக்கத்தை விரல் வைத்துப் படித்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவள் ஒரு வைரத் திருடி. பைக்குள் வைரம். பஸ்ஸில் ஏறினால் போலீஸ், ஏறாவிட்டால் கூட்டாளி. கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். அவள் செத்துக் கிடந்தாள். கணவன், அக்கா, பத்தொன்பது நாள், எதுவும் இல்லை. இதைப் பார்த்து அவள் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். அடையவில்லை. ஆளைக் கண்டுபிடிக்கக் கூடாதென்று கதையை மாற்றிவிட்டார்கள், எத்தனை கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தாள்.

பெரிய பயம் வீட்டில் இருந்தது. அந்தப் பையைத் தைத்தவரே அவர்தான். யாரோ வேண்டாமென்று விட்டுப்போன திரைச்சீலைத் துணி. கைப்பிடி அறுந்தபோது கட்டம் போட்ட சட்டைத் துணியில் இன்னொன்று வைத்துத் தந்ததும் அவர். படத்தைப் பார்த்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பத்தொன்பது நாள் என்பது ஏதோ அக்கா சொன்ன ஒரு சொல்லுக்கு. இதற்கு எத்தனை நாள்? அவர் ஒரேயடியாகப் பேச்சை நிறுத்திவிட்டால், அந்த இரண்டு அறையில் அவள் யாரோடு வாழ்வது?

அடுத்த மாத அட்டையும் இந்தத் தடவை சீக்கிரமே வந்து மூலையில் கிடந்தது. மோட்டார் சைக்கிளில் ஒருத்தி சிரித்துக்கொண்டு போகிறாள். பின்னால் துப்பாக்கியோடு ஒருவன் துரத்துகிறான். அதில் ஓரம் மங்கலாக அச்சான ஒன்றை உருவினாள். கசங்கிய புத்தகம் ஒன்றின் பெயர் போட்ட முதல் தாளைக் கிழித்துவிட்டு, மோட்டார் சைக்கிள்காரியைச் சுற்றி ஒட்டினாள். இருபத்திரண்டு வருஷக் கை. பிறவியிலேயே அந்த அட்டையோடு பிறந்த புத்தகம் மாதிரி இருந்தது.

“இந்த மாசம் என்ன கதை?” என்று அவர் கேட்டார்.

“பார்த்தா... அந்தப் பொண்ணு தப்பிச்சுடுவா. துப்பாக்கி வெச்சிருக்கிறவன் நல்லவன்” என்றாள். குரல் அவளுக்கே நம்பும்படி இல்லை.

இரண்டு நாள் கழித்து அவர் புத்தகத்தை மேஜைமேல் போட்டார். “என்ன கண்றாவி இது? மோட்டார் சைக்கிள் இப்ப வரும், இதோ வரும்னு கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்தேன். ஒரு சைக்கிள்கூட வரல! பஸ் டிக்கெட் கொடுக்கிற ஒரு அப்பாவி மனுஷன் வர்றான். அவன் சட்டைக்குள்ளதான் துப்பாக்கி இருக்குன்னு நாற்பது பக்கம் அவனையே முறைச்சுக்கிட்டிருந்தேன். அவன் பாவம், டிக்கெட் கொடுத்துட்டுப் போயிட்டான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மாட்டிக்கொள்வோமோ என்று அடக்கினாள்.

“அந்தப் பை வெச்சிருந்த பொம்பளை எப்படி?” என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

“எந்தப் பொம்பளை? அவளை நான் கவனிக்கவே இல்ல. மோட்டார் சைக்கிள்ல வர்றவதான் முக்கியம்னு இவளைத் தள்ளித் தள்ளிப் படிச்சேன்.”

பிழைத்தோம் என்று நினைத்தாள்.

ஊசிக்காரியோடு அவள் பேச்சை நிறுத்திய பதினாறாம் நாள் காலையில் படக்காரர் அச்சகத்துக்கு வந்தார். மெலிந்த மனிதர், சட்டைக் கையெல்லாம் வண்ணம். மாதாமாதம் வருகிறவர்தான், ஆனால் அவரோடு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆண்களோடு பேசுவதென்றால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலாளியைப் பார்த்துவிட்டுப் படி இறங்கியவர் முன்னால் போய் நின்றாள்.

“சார், பச்சைப் பை அட்டை...”

“சொல்லுங்கம்மா. ஒட்டும்போது கலர் வெடிக்குதா?”

“இல்ல சார். அந்தக் கதையை உங்களுக்கு யாரு சொன்னாங்க?”

“கதையா?” அவர் சிரித்தார். “எனக்கு எப்படிம்மா கதை தெரியும்? நான் வரையும்போது எழுதறவருக்கே தெரியாதே.”

“கதையைப் படிச்சுட்டுத்தானே வரைவீங்க?”

“நல்ல கதை! அட்டை முன்னாடியே அச்சுக்குப் போகணும். எழுதறவர் எழுதி முடிக்கிற வரைக்கும் யாரு காத்திருக்கிறது? என்கிட்ட இருக்கிற படத்துல ஒண்ணை முதலாளி எடுப்பார். அதை எழுதறவருக்கு அனுப்புவாங்க. அவர் படத்தைப் பார்த்துட்டு எழுதுவார். இந்தப் பையில என்ன இருக்கும்னு போன் பண்ணி என்னைக் கேட்டார். வைரம்னு வெச்சுக்கோங்கன்னு சொன்னேன்.”

இருபத்திரண்டு வருஷமாக அட்டை முதலில் அவள் மேஜைக்குத்தான் வருகிறது. கதை பின்னால் வருகிறது. அது கண் முன்னால் நடந்தும், கதையைப் படித்துவிட்டு யாரோ வரைகிறார்கள் என்றுதான் அவளும் ஊசிக்காரியும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப அந்தப் பொம்பளை?”

“என் ரூம் ஜன்னலுக்கு நேர் கீழே பஸ் ஸ்டாப். பெஞ்சில யாரு உட்கார்ந்தாலும் வரைவேன். தலையை வரையறதுக்குள்ள எழுந்து போயிடுவாங்க. இந்தம்மா ஒருத்திதான் வர்ற பஸ்ஸையெல்லாம் விட்டுட்டு ரெண்டு மணி நேரம் ஆடாம அசையாம உட்கார்ந்திருந்தாங்க. செருப்புல குத்தின ஊக்கைக்கூட நிதானமா வரைஞ்சேன். மூணு வருஷமாச்சு. அப்படி ஒரு ஆள் திரும்பக் கிடைக்கல.”

மாதம் ஒருமுறை எதிரில் பார்க்கிற முகம். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் எங்கோ சுருக்கென்றது.

“அதுல வைரமெல்லாம் இல்ல சார். ரெண்டு துணியும் சீப்பும்தான்” என்று வாய் சொல்லிவிட்டது.

படக்காரர் அவளை முதல் தடவையாகப் பார்த்தார். “அம்மா... கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க?”

அவள் திரும்பவில்லை. ஓடிப்போய் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஊசிக்காரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். ஊசிக்காரி கையில் எடுத்த கவளத்தை வாயில் போடாமல் கேட்டாள்.

“பதினாறு நாளா பேசாம இருந்ததுக்கு இதான் காரணமா? என் வாய்தான் நாறுதோன்னு நான் தினம் ரெண்டு தடவை பல்லு தேய்ச்சேன், பாவி!”

“தப்புத்தான்டி.”

“தப்பா? நான் சொல்லியிருப்பேன்னு நினைச்சியே, அதான் எனக்கு ஆறல. சொல்லணும்னு வாய் ஊறினது உண்மை. எத்தனை தடவை நாக்கைக் கடிச்சிருப்பேன் தெரியுமா? கடிச்சதுக்கு இதான் மரியாதை.” கவளத்தைத் திரும்ப டப்பாவில் போட்டாள். “நீ பதினாறு நாள் பேசலைல்ல? நானும் பதினாறு நாள் பேசப்போறதில்ல. போ.”

பசையக்கா போகவில்லை. அடுத்த வாய் சாப்பிடுவதற்குள் ஊசிக்காரியே கேட்டாள்: “வீட்டுல காட்டினியா அட்டையை?”

“இல்ல. மாத்தி ஒட்டிட்டேன். அடுத்த மாச அட்டை.”

ஊசிக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். “அறிவு இருக்கா உனக்கு? நாலாயிரம் ஒட்டினியே, அதெல்லாம் எங்க போச்சு? ஒவ்வொரு கடையிலயும் நீ கயித்துல தொங்கற. உன் வீட்டுக்காரருக்கு மட்டும் கண்ணைக் கட்டி விட்டிருக்கியா? படத்தை மட்டும் பார்த்தா ஏதோ ஒரு பைன்னு விட்டிருப்பாரு. இப்ப எதுக்கு மறைச்சேன்னு கேட்பாரே, அதுக்கு என்னடி சொல்லுவ?”

பசையக்காவுக்கு அட்டை என்றால் மேஜைமேல் இருப்பது. வேண்டுமானால் ஒட்டலாம், வேண்டாமென்றால் உரிக்கலாம். தன் கையாலேயே ஒட்டி அனுப்பிய நாலாயிரமும் ஊரில் கண்ணைத் திறந்துகொண்டு இருக்கின்றன என்பது இந்தப் பதினாறு நாளில் ஒரு நொடிகூட அவளுக்கு உறைக்கவில்லை.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். போகிற வழியில் மூன்று கடைகளில் தன்னைப் பார்த்தாள். 

முன்னறையில் தையல் மெஷின் ஓடவில்லை. ஜிப் மாற்றக் கொடுக்க வந்த ஒரு டீச்சரம்மா அப்போதுதான் போயிருந்தாள். அவள் படித்துக்கொண்டிருந்த புத்தகம் மெஷின்மேல் இருந்தது. அட்டை மேல்பக்கமாக, பெஞ்சில் உட்கார்ந்தவள் தெரியும்படி. பக்கத்தில் மோட்டார் சைக்கிள்காரி.

“டீச்சர் கதை சொன்னாங்க” என்றார் அவர், தலையைத் தூக்காமல். “பஸ், டிக்கெட் கொடுக்கிறவன், வைரம். அட, நான் படிச்சதாச்சேன்னு வாங்கிப் பார்த்தேன். ஒரு நாள் வெச்சுக்கறேன்னு கேட்டிருக்கேன்.”

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கட்டத் துணி கைப்பிடியில ரெண்டு வரிசைத் தையல். நான்தான் ரெண்டு வரிசை போடுவேன். அந்தப் படக்காரன் அதைக்கூட விடாம போட்டிருக்கான்.” அளவு நாடாவைக் கையில் சுற்றினார், பிரித்தார். “எதுக்கு மறைச்ச?”

கட்டு கலந்துபோச்சு என்று சொல்லலாம். அச்சகத்தில் தப்பு நடந்தது என்று சொல்லலாம். இரண்டும் வாய் வரை வந்தன. ஆனால் அவர் இனி ஒவ்வொரு மாத அட்டையையும் உரித்துப் பார்க்கப்போகிறவர் மாதிரி இருந்தார். அவளுக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். பதினாறு நாளாக அவள் கண்ணில் இருந்ததும் அதுதான்.

“அது நான்தான்” என்றாள். “மூணு வருஷம் முன்னாடி. உங்கக்கா வந்துட்டுப் போனப்ப. போயிடலாம்னு போய் உட்கார்ந்தேன்.”

தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். அவர் நாடாவைச் சுற்றி முடித்துவிட்டு, முனையை உள்ளே செருகினார். இதோ நிற்கப்போகிறது பேச்சு என்று அவள் எண்ண ஆரம்பித்தாள். ஒன்று. இரண்டு.

“எதுக்குத் திரும்பி வந்த?”

“தெரியல. எந்த பஸ்ல ஏறணும்னு தெரியல.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்கதான் அப்ப பேசவே இல்லையே.”

அவர் டீச்சரின் ஜிப்பை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்து, மெஷினை மிதித்தார். தையல் கோணலாகப் போனது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தார். அவள் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

இது நடந்து ஆறேழு மாதமாகிறது. ஊசிக்காரி அவ்வப்போது, “இதையும் நான்தான் போய்ச் சொல்லிட்டேனா?” என்று குத்திவிட்டுத்தான் எதையும் ஆரம்பிக்கிறாள். அது போகாது.

வீட்டில் அவருக்குக் கோபம் வராமல் போய்விடவில்லை. போன வாரம்கூட வந்தது. மகள் போன் செய்ததை அவள் சொல்ல மறந்துவிட்டாள். முகம் இறுகிவிட்டது, கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். ஆனால் இப்போதெல்லாம் ஒரு மணி நேரம் தாண்டுவதில்லை. அதற்குள் கதவருகே வந்து நின்று, ஒன்றுக்கும் உதவாத எதையாவது சொல்கிறார்.

“அந்த ஜன்னல்ல காத்து வருதா?” என்று கேட்டார்.

அன்பினால் கேட்கிறாரா, இவள் இன்னொரு தடவை கிளம்பிவிடுவாளோ என்ற பயத்தில் கேட்கிறாரா என்று அவளுக்கு இன்னும் சந்தேகம்தான். அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயற்சி செய்தாள். முகத்தைப் பார்த்துக் கதை சொல்லுவதில் அவளுக்கு முன்பிருந்த நம்பிக்கை இப்போது இல்லை.

அவரைக் கொஞ்ச நேரம் நிற்கவிட்டாள். பிறகு, “வருது” என்றாள்.